பாலைவனத்து ரகசிய விமானத் தளங்கள்: ஒரு வதந்தியை வீட்டில் இருந்தே சோதித்துப் பார்ப்பது எப்படி?

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். மணல்வெளி, நடுவில் ஒரு நீண்ட ஓடுதளம், ஓரத்தில் முக்கோணமாக ஏதோ ஒன்று. கீழே "அமெரிக்கா மறைக்கும் உண்மை!" என்று சிவப்பு எழுத்து. அனுப்பியவர் பெரும்பாலும் சித்தப்பாவாக இருப்பார். "புருடா" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம்தான். ஆனால் பாலைவனத்தில் யாருக்கும் தெரியாமல் விமானங்கள் பறந்தது மெய். அந்தச் சிறு மெய்யைச் சுற்றித்தான் இத்தனை கதைகளும் படர்கின்றன.

இந்த மாதிரி ஒரு படமோ கதையோ கைக்கு வந்தால் அதை எந்த வரிசையில் உரித்துப் பார்ப்பது என்பதற்கான வழிகாட்டி இது. எடுத்துக்காட்டுக்கு நெவாடாவில் உள்ள குரூம் ஏரியை வைத்துக்கொள்கிறேன். உலகம் அதை ஏரியா 51 என்று அழைக்கிறது. இங்கே நடந்தவற்றில் கணிசமான பகுதியை அமெரிக்க அரசே பிற்பாடு வெளியிட்டுவிட்டது. பழைய ஊகங்களை விடைத்தாளோடு ஒப்பிட்டு மார்க் போட இதைவிட நல்ல இடம் கிடையாது.

படி 1: கதையை மூன்று கேள்வியாக உடையுங்கள்

ஒன்று, அப்படி ஓர் இடம் இருக்கிறதா? இரண்டு, அங்கே என்ன மாதிரியான வேலை நடக்கிறது? மூன்று, கொட்டகைக்குள் நிற்கும் பொருள் என்ன?

மூன்றுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். வதந்திக்காரர்கள் செய்வது எப்போதும் ஒரே வித்தைதான்: முதல் கேள்விக்குக் கிடைத்த சான்றை மூன்றாவது கேள்விக்கு விடையாகக் காட்டுவது. "பாருங்கள், ஓடுதளம் இருக்கிறது, அப்படியானால் பறக்கும் தட்டும் இருக்கிறது." ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு தகவலும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்து எழுதுங்கள். பாதிக் கதைகள் இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

படி 2: ஏன் இந்த இடம் என்று கேளுங்கள்

ரகசியத் தளம் எங்கு வேண்டுமானாலும் முளைக்காது. 1955 ஏப்ரலில் விமானம் செய்யும் லாக்ஹீட் நிறுவனத்தின் கெல்லி ஜான்சன், சோதனை விமானி டோனி லெவியர், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ரிச்சர்ட் பிஸ்ஸல் ஆகியோர் யு-2 உளவு விமானத்துக்கு இடம் தேடினார்கள். வறண்ட ஏரிப்படுகைகளை வானிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர்கள் குரூம் ஏரியைக் கண்டார்கள். லாஸ் வேகாசுக்கு வடமேற்கே சுமார் 130 கி.மீ. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,340 மீட்டர் உயரம். சுற்றிலும் மலை.

நம் ஊர் ஏரி வற்றினால் பாளம் பாளமாக வெடிக்கும். அங்குள்ள படுகைகள் வேறு மாதிரி. மழைக்காலத்தில் மெல்லிய படலமாகத் தேங்கும் தண்ணீரைக் காற்று இப்படியும் அப்படியும் தள்ளி, களிமண்ணைக் கொத்தனார் மட்டப்பலகை போட்டதுபோல் நிரவிவிடும். காய்ந்தபின் விமானம் இறங்கும் அளவுக்குக் கெட்டியான தரை, காசு செலவில்லாமல். அதோடு பக்கத்திலேயே அணுகுண்டு சோதனைத் தளம். அந்த வான்வெளி ஏற்கெனவே மூடப்பட்டது. கதிர்வீச்சுக்குப் பயந்து எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கலிபோர்னியாவின் பர்பாங்கில் இருந்த லாக்ஹீட் தொழிற்சாலையிலிருந்து விமானத்தில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவதும் எளிது. அந்தப் பொட்டல் காட்டுக்கு ஆள் வர வேண்டுமே என்று ஜான்சன் அதற்கு 'பாரடைஸ் ராஞ்ச்' என்று பெயர் வைத்தார். சொர்க்கப் பண்ணையாம்!

ஆகவே, யாராவது "இன்ன பாலைவனத்தில் ரகசியத் தளம்" என்று சொன்னால் கேட்க வேண்டியவை: தரை எப்படி, வான்வெளி யார் கையில், எரிபொருளும் ஆளும் எந்த வழியாக வருகின்றன, மறைக்க மலை உண்டா? ஆஸ்திரேலியாவின் வூமேரா, ரஷ்யாவின் அக்தூபின்ஸ்க், சீனாவின் லோப் நோர் வட்டாரம் எல்லாம் இந்தப் பரீட்சையில் பெரும்பாலும் தேறும். பிரிட்டன் தன் தரானிஸ் டிரோனை 2013-இல் வூமேராவில் பறக்கவிட்டு, அடுத்த ஆண்டுதான் வெளியே சொன்னது. சாலையே இல்லாத மணல்மேட்டின் நடுவில் தளம் என்றால், பெட்ரோல் எப்படி வருகிறது என்று சித்தப்பாவிடம் கேளுங்கள்.

படி 3: மேலிருந்து பாருங்கள், ஆனால் அளந்து பாருங்கள்

கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய ஆண்டுப் படங்களுக்குப் போகும் வசதி உண்டு. முதலில் அதைத் திறந்து 37.24 வடக்கு, 115.81 மேற்கு என்று தேடுங்கள்; அதுதான் குரூம் ஏரி. ஒரே இடத்தை ஆண்டு ஆண்டாகப் புரட்டினால் கட்டடங்கள் வளர்வது தெரியும். அண்மைய நிலவரத்துக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். 20 மீட்டர் நீள விமானம் இரண்டே புள்ளி. இரண்டு புள்ளியில் இறக்கை, வால், விமானி அறை எல்லாம் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் கண்டது தன் ஆசையை.

படத்தில் விமானத்தைத் தேடாதீர்கள். அசையாதவற்றைத் தேடுங்கள். ஓடுதளத்தின் நீளம், ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகையின் கதவு அகலம், கதவு எந்தத் திசை பார்க்கிறது, எரிபொருள் தொட்டிகள் எத்தனை, சாப்பாட்டுக்கூடமும் தங்குமிடமும் எத்தனை பேருக்குப் போதும். கதவு அகலம் தெரிந்தால் உள்ளே இருப்பதன் இறக்கை அதைவிட நீளமாக இருக்க முடியாது என்ற வரம்பாவது கிடைக்கும். உயரம் வேண்டுமானால் நிழலை அளக்கலாம்: நிழலின் நீளத்தைச் சூரியன் நின்ற கோணத்தின் டான்ஜென்ட்டால் பெருக்க வேண்டும். சூரியன் 45 டிகிரியில் இருந்தால் நிழலும் உயரமும் ஒன்றே. 30 டிகிரியில் இருந்தால் 35 மீட்டர் நிழலுக்கு உயரம் சுமார் 20 மீட்டர். படம் எடுத்த நாளும் நேரமும் தெரிந்தால் கோணத்தைத் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் "இது எதுக்கு சார் உதவும்?" என்று கேட்ட கணக்குதான்.

இங்கே இரண்டு பொறி உண்டு. முதலாவது, அளவுக்குறிகள். கோபி பாலைவனத்தில் தாறுமாறாக வெள்ளைக் கோடுகள் தெரிந்தபோது 2011-இல் இணையமே பரபரத்தது. ஏதோ அமெரிக்க நகரத்தின் தெரு வரைபடம் என்றுகூடச் சொன்னார்கள். செயற்கைக்கோள் கேமராவின் கூர்மையைச் சோதிக்கும் குறிகள் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். அமெரிக்கர்களும் இதையே செய்தவர்கள். அரிசோனாவின் காசா கிராண்டே பக்கம் 1960-களில் 'கொரோனா' என்று பெயரிட்ட உளவுக்கோள்களுக்காக ஒரு மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் கான்கிரீட் சிலுவைகளைப் பதித்தார்கள். பல இன்னும் கிடக்கின்றன.

இரண்டாவது பொறி, படம் எடுக்கப்படுவது கீழே இருப்பவர்களுக்கும் தெரியும் என்பது. செயற்கைக்கோள் பஞ்சாங்கம் மாதிரி. எப்போது தலைக்கு மேல் வரும் என்று முன்கூட்டியே கணித்துவிடலாம். குரூம் ஏரியில் சோவியத் செயற்கைக்கோள் வரும் நேரத்துக்குள் விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவார்கள். இந்த வித்தை நமக்கும் புதிதல்ல. 1995-இல் போக்ரானில் நடந்த ஏற்பாடுகளை அமெரிக்க உளவுக்கோள் பார்த்துவிட்டது. அதில் பாடம் கற்று, 1998 மே மாதச் சோதனைக்கு முன் இரவில் மட்டும் வேலை செய்து, விடியும் முன் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டார்கள். ராணுவச் சீருடையில் போய்வந்த அப்துல் கலாமுக்கு அங்கே 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்' என்று பெயர். படத்தில் எதுவும் தெரியவில்லை என்பதால் அங்கு எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. அதற்காக, எதுவும் தெரியாததையே சான்றாகக் காட்டுவதும் செல்லாது.

லோப் நோர் அருகே உள்ள தளத்தை இந்தப் பழக்கத்தோடு பாருங்கள். ஒவ்வொன்றும் சுமார் 5 கி.மீ. நீளமான மூன்று ஓடுதளங்கள் முக்கோணமாக அமைந்திருக்கின்றன. முதல் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதலாம். சீனா 2020 செப்டம்பரில் ஏவிய, திரும்ப வரும் விண்கலம் இங்கே இறங்கியிருக்கலாம் என்ற கணிப்பு வந்தது. அது இரண்டாவது கட்டம், பென்சிலால். மூன்றாவது கட்டம் காலி. காலியாக விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 4: வேலைக்குப் போகிறவர்களைக் கவனியுங்கள்

எந்த ரகசியத் தளத்துக்கும் சமையல்காரர், பிளம்பர், வெல்டர் வேண்டும். அவர்கள் தினம் வந்துபோக வேண்டும். லாஸ் வேகாஸ் விமான நிலையத்தின் ஓரத்திலிருந்து, சிவப்புக் கோடு தவிர வேறு அடையாளமே இல்லாத வெள்ளை போயிங் 737-கள் 'ஜேனட்' என்ற அழைப்புப் பெயரில் கிளம்புவது ஊரறிந்த விஷயம். ஒன்றில் நூறு பேருக்கு மேல் உட்காரலாம். எத்தனை நடை, எந்தக் கிழமை குறைவு என்று எண்ணினாலே தளம் சுறுசுறுப்பாக இருக்கிறதா, தூங்கி வழிகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது கட்டத்துக்கு இதைவிட நல்ல சான்று அரிது.

வான்வெளி வரைபடத்தையும் பாருங்கள். குரூம் ஏரிக்கு மேலுள்ள செவ்வகம் ஆர்-4808என் என்ற தடைப் பகுதிக்குள் அடங்கும். பயிற்சிக்கு வரும் போர் விமானிகளும் அதற்குள் நுழையக் கூடாது. அவர்கள் அதை 'பாக்ஸ்' என்பார்கள். மறைக்கிற வேலியே இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

படி 5: காகிதத்தைத் தோண்டுங்கள்

எனக்கு இதுதான் பிடித்த படி. மிகக் குறைவான பேர் செய்வதும் இதுதான்.

குரூம் ஏரித் தளத்தை அரசின் வாயிலிருந்தே வரவழைத்தது எது தெரியுமா? குப்பை. தளத்தில் நச்சுக் கழிவுகளைத் திறந்த குழிகளில் போட்டு எரித்ததால் நோய் வந்தது என்று தொழிலாளர்களும் இறந்தவர்களின் மனைவியரும் 1994-இல் வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர் ஜொனாதன் டர்லி வாதாடினார். அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லக்கூட அரசுத் தரப்பு மறுத்தது. சுற்றுச்சூழல் சட்டத்திலிருந்து அந்த இடத்துக்கு விலக்கு அளிக்க 1995 செப்டம்பரில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட வேண்டி வந்தது. விலக்கு அளிக்க வேண்டுமானால் எதற்கு என்று எழுத வேண்டுமே! "நெவாடாவின் குரூம் ஏரிக்கு அருகில் விமானப்படை இயங்கும் இடம்" என்று எழுதினார்கள். முதல் கட்டம் அன்றைக்கே நிரம்பிவிட்டது. ஏரியா 51 என்ற பெயரோடும் வரைபடத்தோடும் சிஐஏவின் யு-2 வரலாறு வெளிவர 2013 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கான தகவல் உரிமை மனுவை ஆய்வாளர் ஜெஃப்ரி ரிச்செல்சன் 2005-லேயே கொடுத்திருந்தார். எட்டு வருடம்! நம் ஊர் தாலுகா ஆபீஸைத் திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

காகிதம் ஏமாற்றவும் செய்யும். 1985-இல் வெளியான அமெரிக்க பட்ஜெட் ஆவணம் ஒன்றில் 'அரோரா' என்ற பெயர் எட்டிப் பார்த்தது. 1990-இல் எஸ்ஆர்-71 என்ற அதிவேக உளவு விமானம் ஓய்வு பெற்றது. மாற்று இல்லாமல் அதை நிறுத்துவார்களா என்று கேள்வி எழுந்தது. வடகடல் எண்ணெய்த் தளத்தில் வேலை பார்த்த, விமானங்களை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற ஒருவர் 1989-இல் ஒரு முக்கோண விமானத்தைப் பார்த்ததாகச் சொன்னார். 1991, 92-இல் தெற்கு கலிபோர்னியாவின் நில அதிர்வுக் கருவிகள் ஒலியை மிஞ்சும் ஏதோ ஒன்றின் முழக்கத்தைப் பதிந்தன. நாலும் சேர்ந்து ஒரு அதிவேக உளவு விமானம் பிறந்துவிட்டது. லாக்ஹீடின் ரகசியப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பென் ரிச் பிறகு சொன்னதோ வேறு: அரோரா என்பது பி-2 குண்டுவீச்சு விமானத்துக்கான போட்டியின் நிதிக்கு வைத்த பெயர். நான்கு துண்டுகளும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம்; அவற்றைக் கோத்த நூல் மட்டும் யாரும் தரவில்லை, நாமே திரித்தது.

படி 6: கண்ணால் கண்டவரிடம் என்ன கேட்பது

"நான் பார்த்தேன்" என்பவரைப் பொய்யர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்த்த நேரம், திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது, சத்தம் வந்ததா என்று கேளுங்கள். நேரம் மிக முக்கியம். 1950-களின் நடுவில் பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடியில் பறந்தன. யு-2 பறந்தது 60,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் ஒரு விமானத்துக்குச் சூரியன் மறைவது நமக்கு மறைந்து சுமார் 20 நிமிடம் கழித்துத்தான். கீழே இருட்டு, மேலே வெள்ளி இறக்கையில் வெயில் பட்டு நெருப்பாக மினுங்கும். அந்த உயரத்தில் மனிதன் பறக்க முடியாது என்று நம்பியவருக்கு அது வேறு எதுவாகத் தெரியும்?

1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் யு-2வும் அதற்குப் பின் வந்த ஏ-12உம்தான் என்று சிஐஏ வரலாறு சொல்கிறது. அந்தக் கணக்கை நான் முழுதாக வாங்கிக்கொள்ள மாட்டேன். எல்லாப் புகழும் தனக்கே என்று ஒரு நிறுவனம் எழுதும்போது கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். யு-2 பிறக்கும் முன்பே, 1947-லும் 1952-லும் அமெரிக்காவில் பறக்கும் தட்டு அலை அடித்திருக்கிறது.

சாட்சியையே கெடுத்துவிடும் தந்திரமும் உண்டு. அமெரிக்காவின் முதல் ஜெட்டான எக்ஸ்பி-59ஏ 1942-இல் கலிபோர்னியாவின் மூரோக் வறண்ட ஏரியில் சோதிக்கப்பட்டது. தரையில் நிற்கும்போது மூக்கில் ஒரு போலிப் புரொப்பல்லரை மாட்டி வைப்பார்கள். அதன் விமானி ஜாக் வூலம்ஸ் கொரில்லா முகமூடியும் தொப்பியும் அணிந்து, சுருட்டோடு, பயிற்சி விமானங்களின் பக்கத்தில் பறந்துபோவாராம். புரொப்பல்லர் இல்லாத விமானத்தைக் குரங்கு ஓட்டிப் போனது என்று சொல்ல எந்த இளம் விமானிக்குத் துணிச்சல் வரும்?

உள்ளே வேலை பார்த்தேன் என்பவர்களுக்கு மட்டும் இன்னும் கடுமையான சோதனை வேண்டும்: சொன்னதில் வெளியே சரிபார்க்கக்கூடியது எது? 1989-இல் லாஸ் வேகாஸ் தொலைக்காட்சியில் தோன்றிய பாப் லாசர், குரூம் ஏரிக்குத் தெற்கே எஸ்-4 என்ற இடத்தில் வேற்றுக்கிரகக் கலங்களை ஆராய்ந்ததாகச் சொன்னார். புகழ்பெற்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியில் படித்ததாகச் சொன்னார். அங்கே பதிவு இல்லை. கலத்தை ஓட்டுவது 115-ஆம் தனிமத்தின் நிலையான வடிவம் என்றார். அந்தத் தனிமத்தை 2003-இல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். இன்று பெயர் மாஸ்கோவியம். உருவான அணுக்கள் ஒரு நொடிகூடத் தாங்குவதில்லை.

படி 7: பழைய பரீட்சைத்தாளைத் திருத்துங்கள்

ஊகம் எங்கே சரியாகும், எங்கே சறுக்கும் என்று தெரிய, ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-117 போர் விமானத்தின் கதை ஒன்று போதும். அதன் முன்னோடியான ஹேவ் புளூ 1977 டிசம்பரில் குரூம் ஏரியில் பறந்தது. எஃப்-117 1981 ஜூனில். அதை ஓட்டும் படைப்பிரிவு நெவாடாவிலேயே உள்ள டோனோபா தளத்துக்குப் போனது. இரவில் மட்டும் பறந்தது. 1986 ஜூலையில் ஒன்று கலிபோர்னியாவில் விழுந்து விமானி இறந்தார், காடு பற்றி எரிந்தது, விமானப்படை அந்த இடத்தையே மூடியது. ரேடாரில் சிக்காத விமானம் ஒன்று இருக்கிறது என்பது அதற்குள் பத்திரிகைகளுக்குத் தெரியும்.

அதே 1986-இல் டெஸ்டர்ஸ் என்ற பொம்மை நிறுவனம் 'எஃப்-19' என்று ஒரு மாதிரியை விற்பனைக்கு விட்டது. வழவழப்பான வளைவுகள், பார்க்க அழகு. 1988 நவம்பரில் அரசு மங்கலான ஒரு படத்தை வெளியிட்டது. எண் 19 அல்ல, 117. வளைவே இல்லை, கருங்கல்லை உளியால் செதுக்கியது போல் தட்டையான முகங்கள். சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்த்சேவ் 1962-இல் வெளியிட்ட சமன்பாடுகளைக் கொண்டு 1970-களின் கணினிகளால் தட்டையான பரப்புகளில் ரேடார் அலை எப்படித் திரும்பும் என்றுதான் கணக்கிட முடிந்தது. ஆகவே விமானமும் தட்டையாகவே பிறந்தது. மாஸ்கோவில் அச்சாகிக் கிடந்த ஓர் ஆய்வுக்கட்டுரையில் துப்பு இருந்தது. ஊகித்தவர்கள் ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பெண் போட்டால்: இடம் சரி, வேலை சரி, பொருள் தவறு. இன்னொன்று, அதே டோனோபாவில் அந்த ஆண்டுகளில் பறந்தவற்றில் சோவியத்தின் மிக் போர் விமானங்களும் இருந்தன. எதிரியின் விமானத்தோடு மோதிப் பழக அமெரிக்கா ரகசியமாக வைத்திருந்த படை அது, 2006-இல்தான் வெளிப்படையானது. மூன்றாவது கட்டத்தில் எழுதும்போது 'புதிய கண்டுபிடிப்பு' என்ற ஒரே விடையைப் பிடித்துத் தொங்காதீர்கள். பழைய விமானம், எதிரியின் விமானம், ரேடார் சோதனைக்கான வெறும் மாதிரி என்று சாதாரண விடைகளை முதலில் எழுதுங்கள்.

படி 8: நேரில் போக ஆசைப்பட்டால்

முதலில் நம் ஊருக்கான எச்சரிக்கை. இந்தியாவில் பாதுகாப்புத் துறைத் தளங்களின் வேலிப் பக்கம் கேமராவோடு திரிய வேண்டாம். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பொது ஆவணமும் படமும் பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

நெவாடாவுக்குப் போகிறவர்கள் 375-ஆம் எண் நெடுஞ்சாலையில் ரேச்சல் என்ற சிற்றூர் வரை போகலாம். வண்டியில் டேங்க் நிறைய பெட்ரோலும் தேவைக்கு இரட்டிப்பாகத் தண்ணீரும் இருக்கட்டும். எல்லையில் வேலி இருக்காது, எச்சரிக்கைப் பலகைதான். அதைத் தாண்டினால் கைது. 2019-இல் "எல்லாரும் சேர்ந்து ஏரியா 51-க்குள் ஓடுவோம்" என்ற இணைய அழைப்புக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வருவதாகச் சொன்னார்கள். வந்தவர்கள் சில ஆயிரம், வாசல் வரை போனவர்கள் அதிலும் சொற்பம். அந்தச் செப்டம்பரில் பக்கத்து அணுச் சோதனைத் தளத்துக்குள் நுழைந்த இரண்டு டச்சு யூடியூபர்கள் சிறையும் அபராதமுமாக ஊர் திரும்பினார்கள்.

தளத்தை அருகிலிருந்து காட்டிய இரண்டு குன்றுகளை 1995-இல் அரசு மூடிவிட்டது. மிச்சமிருப்பது டிகாபூ சிகரம். அங்கிருந்து தளம் சுமார் 42 கி.மீ. இருட்டிலேயே ஏறத் தொடங்கி விடியலுக்கு முன் உச்சியில் இருக்க வேண்டும், நல்ல டெலஸ்கோப்போடு. காலைக் குளிர் இருக்கும் வரை கொட்டகைகள் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வெள்ளை 737 இறங்குவதும் தெரியும். வெயில் ஏறினால் தரையிலிருந்து எழும் கானலில் எல்லாம் நெளிய ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் எடுக்கிற எந்தப் படத்திலும் எதை வேண்டுமானாலும் காணலாம். டெலஸ்கோப்பை மடித்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.